எழுபத்து மூன்று முகவரிகள்

"வீட்டு முகவரியா? என் தலையே போனாலும் தர மாட்டேன் தம்பி," என்றாள் வெர்னா.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு மாநிலப் போலீஸ்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். மாவட்டச் சிறையின் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு அது சாவுச் சேதி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே.

அந்தச் சிறையின் காவலர்கள் யாருடைய ஓட்டுநர் உரிமத்திலும் வீட்டு முகவரி இருக்காது. சிறையின் முகவரிதான் இருக்கும். நாலு வருடத்துக்கு முன்பு, விடுதலையான ஒருவன் ஒரு காவலரின் வீட்டைத் தேடிப் போய் ஜன்னல் வழியே சுட்டுவிட்டான். குழந்தை தப்பியது தெய்வச் செயல். அதற்குப் பிறகு எல்லோரும் விண்ணப்பம் போட்டு மாற்றிக்கொண்டார்கள். உண்மையான முகவரிகள் வெர்னாவின் இரும்பு அலமாரியில், பெயர் இல்லாமல், உரிம எண் வரிசையில், எழுபத்து மூன்று அட்டைகளாக இருந்தன. அவள் சட்டையில் குத்தியிருந்த வில்லையில்கூட வெர்னா என்று மட்டும்தான் இருந்தது. குடும்பப் பெயர் போடக் கூடாது என்பது உத்தரவு.

மூத்தவர் ப்ரூவிட் பொறுமையாக விஷயத்தைச் சொன்னார். மதியம், பனி உறைந்த நெடுஞ்சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று சறுக்கி, எதிரே வந்த வண்டிமேல் சாய்ந்துவிட்டது. வண்டியை ஓட்டியவர் அங்கேயே முடிந்துவிட்டார். உரிமத்தில் இந்தச் சிறையின் முகவரி இருந்தது. வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

வெர்னா கண்ணாடியருகே குனிந்தாள். "யாரு?" என்றாள்.

"முதல்ல குடும்பத்துக்குத்தாம்மா சொல்லணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேரைச் சொல்லக் கூடாது." அவர் படத்தையும் பெயரையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, உரிமத்தின் எண்ணை மட்டும் காட்டினார்.

வெர்னா சிறை அதிகாரியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் விமானத்தில் இருந்தார். பிறகு இருவரின் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, மாநிலப் போலீஸ் தலைமையகத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அல்ல. தன்னுடைய குறிப்பேட்டில் இருந்த எண்ணுக்கு.

இருபது நிமிடம் ஆயிற்று. இளையவனுக்குப் பொறுக்கவில்லை. "நாங்க என்ன வேஷம் கட்டிக்கிட்டா வந்திருக்கோம், மேடம்?"

"போன வருஷம் பக்கத்து மாவட்டத்துல ஒருத்தன் அப்படித்தான் வந்தான்," என்றாள் அவள்.

காத்திருந்த நேரமெல்லாம் அவள் மனம் இன்றைக்கு விடுப்பில் இருப்பவர்களையே சுற்றிச் சுற்றி வந்தது. டென்னியாக இருக்குமோ? அவன் வீட்டில் ஆறு வாரக் கைக்குழந்தை. அவன் மனைவிக்கு இருபத்து மூன்று வயதுகூட ஆகவில்லை. பாவி, இந்தப் பனியில் எதற்கு வண்டியை எடுத்தான்?

தலைமையகம் எல்லாம் சரி என்றது.

"கொஞ்சம் சீக்கிரம்மா," என்றார் ப்ரூவிட். "அந்த இடத்துல ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. இறந்தவர் கையில கல்யாண மோதிரம் இருந்துச்சு. அந்தம்மா இதை போன்ல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. வீட்டு வாசல்ல ஒரு மனுஷன் நின்னு சொல்லணும்."

அது வெர்னாவுக்கும் நியாயமாகப் பட்டது. அவள் எழுந்து குளிர் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"நானும் வரேன். இப்படி ஒரு சேதி கேட்கிறவ பக்கத்துல ஒரு பொம்பளை இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் சொல்லிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் அவளை யாரு பிடிச்சுக்கிறது?"

ப்ரூவிட் நன்றியோடு தலையாட்டினார்.

வீடு திரும்ப நேரமாகும். அதனால் என்ன? அவள் கணவன் லானிக்கு இதே சிறையில் இரவுக் காவல் வேலை. காலையில் அவள் கிளம்பும்போது இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். எழுந்தால் அவனே சூப்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொள்வான்.

அலமாரியைத் திறந்தாள். அட்டைகளின்மேல் விரலை ஓட்டினாள். "கர்த்தரே, அந்தப் பொண்ணுக்குத் தாங்குற பலத்தைக் குடு," என்று முணுமுணுத்துக்கொண்டே எண்ணைத் தேடி எடுத்தாள்.

"ரொம்ப தூரமாம்மா?" என்று கேட்டார் ப்ரூவிட்.

வெர்னா எண்ணை மறுபடியும் சரிபார்த்தாள். அவள் கையில் இருந்த அட்டையில் இருந்தது அவளுடைய சொந்த வீட்டு முகவரி.