பின் சீட்டில் கிடந்த பம்பர்

வலது தோள் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது சின்னையாவுக்கு. காலையிலிருந்து அடிக்கிறான். அடி வாங்குகிறது கொஞ்சமாவது அசைந்து கொடுத்தால்தானே? பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலை மறுபடி ஓங்கினான். காரின் பானட் அலறிக்கொண்டு ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

"மெதுவாடா. தகரம் அது, உன் கோவத்தைத் தாங்காது" என்றார் பிச்சமுத்து. உறையூரில் அந்தப் பட்டறை அவருடையது. அங்கே நசுங்கின தகரத்தை நிமிர்த்துகிற டிங்கர் சின்னையா.

கோபம் யார் மேல் என்று அவனுக்கே தெரியாது. முக்கொம்பு ரோட்டில் அவன் தம்பி கலையரசனை ஏதோ ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் காரியம் முடித்து, மழித்த தலையோடு இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறான். காரியச் செலவு மொத்தமும் பிச்சமுத்து கொடுத்தது.

"உங்க கடனை நான் எந்தப் பிறவியில அடைக்கப்போறேன் முதலாளி?"

"வேலையைப் பாரு." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "லாரிக்குப் பின்னாடி போய்ச் சொருகின வண்டி. நீ இல்லாதப்ப ஏலத்துல எடுத்தாந்து விட்டிருக்காரு, ஸ்ரீரங்கத்துல டீக்கடை வச்சிருக்காரே, ரெங்கராஜ். நல்லவேளை, என் வண்டி மாடல்தான், பார்ட்ஸுக்கு அலைய வேணாம். பழைய ரேடியேட்டர் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், எடுத்துட்டு வந்துடறேன்."

அவர் போனபின் சின்னையா வண்டியைச் சுற்றி வந்தான். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கி, ரேடியேட்டர் என்ஜினோடு ஒட்டிக் கிடந்தது. பின் சீட்டில் கழன்ற சாமான்களுக்கு நடுவே முன் பம்பர். இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, மற்றபடி கீறல்கூட இல்லை. ஒட்டவைத்துவிடலாம் என்று தூக்கினவன், தூக்கின கையோடு நின்றுவிட்டான்.

அந்த ஓட்டையின் வடிவம் அவனுக்குத் தெரியும். ரோட்டில் கிடந்த தம்பியை அவன் புரட்டிப் பார்த்தபோது விலாவில் குத்தி நின்ற சில்லு. போலீஸ் வருவதற்குள் பிடுங்கினவன், அன்றிலிருந்து இடுப்பிலேயே முடிந்து வைத்திருக்கிறான். அவிழ்த்து எடுத்து மூலையில் வைத்தான். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"என்னண்ணே, நம்ம மாப்பிள்ளை எழுந்து நிப்பாரா மாட்டாரா?" காரைக் காட்டிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார் ரெங்கராஜ். கையில் வண்டிக்குப் போட ஒரு கதம்ப மாலை.

சின்னையா வீல் ஸ்பானரால் அவர் முழங்காலில் போட்டான். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே ஆள் மடங்கி விழுந்தார். அடுத்த அடி வாயில். மாலைமேல் ரத்தம் தெறித்தது.

"ஏலத்துல எடுத்ததுன்னு கதை கட்டினா நம்பிடுவேனா? முக்கொம்பு ரோட்டுல எவனை அடிச்சே? சொல்றா!"

"எந்த ரோடுண்ணே? ஐயோ, எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுண்ணே! மச்சான் ஓட்டுவான்னு எடுத்தேன்!"

"ஓட்டத் தெரியாமத்தான்டா என் தம்பி மேல ஏத்திட்டே!"

சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, அவர் விரல்களைக் காரின் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். எலும்பு நொறுங்குகிற சத்தம் அவனுக்கே கேட்டது. திறந்தான். மறுபடி சாத்தினான்.

"நான்தான்!" ரெங்கராஜ் அலறினார். "நான்தாண்ணே அடிச்சேன்! உங்க கால்ல விழறேன், விட்டுடுங்க!"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தான் சின்னையா. அவரைத் தரையில் தள்ளி, நெஞ்சில் ஒரு காலை ஊன்றி, சுத்தியலை எடுத்தான். தோள் வலி போன இடம் தெரியவில்லை.

வாசலில் ரேடியேட்டர் கீழே விழுந்தது. ஓடிவந்த பிச்சமுத்து, ஓங்கின கையில் தொங்கினார்.

"கொன்னுடாதடா, பாவி!"

"விடுங்க முதலாளி! ஒத்துக்கிட்டான். இந்தா பாருங்க, என் தம்பி விலாவுல இருந்தது. இவன் பம்பர்ல எப்படி உக்காருதுன்னு பாருங்க!"

பிச்சமுத்து சில்லைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இது உன்கிட்டயா இருந்துச்சு?"

கீழே ரெங்கராஜ் பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு, "நான்தான், நான்தான்" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். சின்னையா கையை உதறினான். பிச்சமுத்து விடவில்லை.

"நீ டிங்கர்தானடா? ரேடியேட்டரே என்ஜினுக்குள்ள போயிருக்கு. அதுக்கு முன்னாடி நிக்கிற பம்பர்ல ஒரு மூலை மட்டும் எப்படிடா உடையும்?"

சின்னையாவின் கை அந்தரத்தில் நின்றது. எத்தனை வண்டியின் கதவை எத்தனை வண்டிக்கு மாட்டியிருப்பான்! பட்டறையில் கிடக்கிற சாமான் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்பதுதான் அவன் தொழிலே. இன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"அப்ப இது எதுல இருந்தது?"

பிச்சமுத்து அவன் கையை விட்டுவிட்டு, ரெங்கராஜுக்கும் சுத்தியலுக்கும் நடுவே மண்டிபோட்டார்.

"அடிபட்ட வண்டிக்குள்ள ஒரு உடைசல் கூடினா எவன் கேப்பான்னு நெனச்சேன். அவரை விடுடா. என் வண்டியில இருந்து கழட்டினது அது. உன் தம்பி உசுருக்கு நான்தான் கடன்காரன்."