மூட்டை வளர்த்த பாம்பு

நெல் மண்டியின் கிடங்கில் ஒரு மூட்டைக்கு எலி கடித்து ஆறு ஓட்டை. ஏழாவதும் விழுந்தால் சரிந்தே போய்விடும். அதனால், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சாரைப்பாம்பை வளர்த்தால் என்ன என்று அதற்குத் தோன்றியது.

"பைத்தியமா உனக்கு?" என்று பதறியது பக்கத்திலிருந்த தராசு. "பாம்பு வளர்க்கிறதுன்னா சும்மாவா? தினம் பால் ஊத்தணும், முட்டை வைக்கணும். நம்ம வம்சத்துலயே யாரும் செய்யாத வேலை!"

இருந்தாலும் மூட்டை பாம்பிடமே கேட்டுவிட்டது. "உனக்குத் தினம் எவ்வளவு பால் வேணும்?"

"பாலா? அதை யார் குடிக்கிறது!" என்று முகம் சுளித்தது சாரை. "இங்கே எலி கிடைக்குமா?"

மூட்டை குலுங்கிச் சிரித்த சிரிப்பில் ஆறு ஓட்டையிலும் நெல் கொட்டியது. "வா வா, உள்ளே வா! உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ."

ஒரே வாரம்தான். கிடங்கில் கீச்சென்று ஒரு சத்தமில்லை. ஏழாவது ஓட்டை விழவேயில்லை. மூட்டை ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த லோடில் வந்திறங்கிய புது மூட்டைகள் பாம்பைக் கண்டு அலறின. நம் மூட்டை வாயெடுப்பதற்குள் தராசு முந்திக்கொண்டது.

"எதுக்குக் கத்துறீங்க? நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை அது!"