விரல் மை

கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் வருமான வரியை உயர்த்தலாமா என்று அரசு வாக்கெடுப்பு நடத்தியது. எங்கள் ஊரில் அப்படிச் சம்பாதிப்பவர் அரிசி ஆலை மருதவாணன் ஒருவர்தான். என்றைக்காவது நாமும் கோடீஸ்வரர் ஆகமாட்டோமா என்று ஊரே ‘வேண்டாம்’ என்று குத்தியது, வாடகை பாக்கி வைத்திருக்கும் நான் உட்பட. எண்ணியபோது ஒரே ஒரு ‘வேண்டும்’ விழுந்திருந்தது.

யாராக இருக்கும்? ஆறுதல் சொல்ல மருதவாணன் வீட்டில் கூடினோம்.

“உங்க உப்பைத் தின்னுட்டு எவனோ இப்படிப் பண்ணிட்டானேய்யா!” என்று கொதித்தார் ஆலை மேஸ்திரி.

மருதவாணன் தன் விரல் மையை எலுமிச்சை மூடியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அது தானா போயிடுமே, எதுக்குங்க இவ்வளவு அவசரம்?” என்றாள் அவர் மனைவி.

“இன்னொரு மூடி குடு” என்றார்.