போல்ட்டைக் காணோம்

பெட்டியில் துப்பாக்கி இருந்தது. போல்ட்டைச் சுற்றி வைக்கும் கம்பளிக் காலுறையும் இருந்தது. போல்ட்டைத்தான் காணோம்.

ஒட்வார் காலுறையைத் தலைகீழாக உதறினார். கோட்டுப் பைகளைத் துழாவினார். "காலையில இதுலதான மாப்ள வெச்சேன்?" என்று தங்கை கணவன் யோஸ்டைனைக் கேட்டார்.

யோஸ்டைன் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும் மச்சான்."

நார்வேயிலிருந்து சுவீடனுக்குள் இறங்கும் மலைச்சாலையில் இருந்த சுங்கச் சோதனைச்சாவடி அது. மூஸ் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், தோட்டாவை உள்ளே தள்ளி வெடிக்கவைக்கும் போல்ட்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுவருவார்கள். அது இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்.

அந்தப் போல்ட் யோஸ்டைனின் ரொட்டி டப்பாவில், பாலாடைக்கட்டிக்கு அடியில் இருந்தது.

போன வருஷம் ஒட்வார் சுட்ட குண்டு, வேட்டை நாயை நடத்தி வந்தவனின் தலைக்கு ஒரு சாண் தள்ளி மரத்தில் பாய்ந்தது. அவருக்குக் கண் மங்கியது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை என்று வேட்டைக் குழுவில் பேசிக்கொண்டார்கள். இனி வரவேண்டாம் என்று சொல்லும் வேலை யோஸ்டைன் தலையில் விழுந்தது. இருபத்தாறு வருஷமாக ஒரே காரில் போகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? வழியில் அவர் காபி வாங்கப் போன இரண்டு நிமிடத்தில் காலுறைக்குள் கையை விட்டான்.

கூச்சத்தில் பார்க்காமலே எடுத்தான். போல்ட் கைக்கு லேசாக இருந்தது. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் உள்ளே இருக்கும் ஊசி சிக்கிக்கொள்ளும். ஊசி குத்தாவிட்டால் தோட்டா வெடிக்காது. அதனால் பிரித்து, எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பூட்டுவார்கள். மச்சான் நன்றாகத் துடைத்திருக்கிறார் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது.

சுங்க அதிகாரிப் பெண் காகிதத்தைத் திருப்பினாள். போல்ட்டும் பதிவான பொருள், தொலைந்தால் போலீசுக்கு எழுதியாக வேண்டும், உரிமமே போகலாம் என்றாள்.

"வயசாயிடுச்சும்மா. எங்கயோ மறந்து வெச்சிருக்கேன். எழுதிக்கங்க" என்றார் ஒட்வார். அவர் விரல்கள் இன்னும் காலுறைக்குள் தேடிக்கொண்டிருந்தன.

யோஸ்டைனால் அதற்கு மேல் முடியவில்லை. ரொட்டி டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தான். "நான்தான் எடுத்தேன் மச்சான். நீங்க சுடக்கூடாதுன்னு."

அதிகாரி போல்ட்டின் பதிவு எண்ணைச் சரிபார்த்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

ஒட்வார் முன்னால் நடந்து காருக்குப் போனார். கதவருகே நின்று, போல்ட்டில் ஒட்டியிருந்த பாலாடைக்கட்டியைச் சட்டைக்கையால் துடைத்து, அதை யோஸ்டைனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்கா வழியெல்லாம் திருடன் மாதிரி முழிச்சிட்டு வந்த? துப்பாக்கி இல்லாம வந்தா எல்லாரும் என்னைப் பாவமாப் பாப்பீங்களேன்னுதான் தூக்கிட்டு வந்தேன்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தும் முன் சொன்னார்:

"ஊசிய வீட்லயே கழட்டி வெச்சுட்டேன் மாப்ள."