இன்னும் இரண்டு கோட்டை

“அக்கா, தெரியுதோ? இந்தக் கிழமையிலை இது நாலாவது கோட்டை” என்றாள் என் தங்கச்சி சந்திரவதனா.

தெரிகிறது என்றேன்.

அவளுடைய மனுசன் வரதராஜா செத்துப் பதினாலு மணித்தியாலம் ஆகியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் கூடாது.

மகள் சயந்தினியைப் பார்க்க மூன்று கிழமை ஜெர்மனிக்குப் போனவள், மனுசனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். வென்ட்வேர்த்வில்லில் என் வீட்டு முன்னறைக் கட்டிலில், விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி இருந்தவர், திரும்பச் சாய்ந்தார். அவ்வளவுதான்.

சயந்தினிக்குச் சொல்லியாயிற்று. நாளைக்குத்தான் தாய்க்கும் மகளுக்கும் பிளேனில் சீட் கிடைத்தது. பயணம் முந்தியதற்குத் தாயிடம் வேறு ஏதோ சாட்டுச் சொல்லிவைத்தாள். ஒரு நாள் முழுக்க ஆகாயத்தில் அழுதுகொண்டு வரவேண்டாம், வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்தபிறகு சொல்லுவம் என்று சயந்தினியும் என் மகன் தனோஜனும் பேசி முடித்தார்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் எப்போதும் இப்படித்தான் சொல்கிறது.

“வீட்டிலை வைச்சிருந்தால் அம்மா என்ரை முகத்தைப் பாத்தே பிடிச்சிடுவா பெரியம்மா. வெளியிலை கூட்டிக்கொண்டு திரியிறன்” என்றவள், சொன்னபடி திரிகிறாள்.

எங்களுக்குப் பொழுதுபட்டுவிட்டது, அங்கே இன்னும் காலை. போனில் ஒரு ஆறு தெரிந்தது. இரண்டு பக்கமும் மலை. மலைக்கு மலை ஒரு கோட்டை.

“முந்தி ஆத்திலை போற கப்பலை எல்லாம் மறிச்சு வரி வாங்கினவையாம் அக்கா. சங்கிலி போட்டு மறிக்கிறதாம்.”

“அப்பிடியே?”

துக்கத்துக்கு வந்தவர்களைத் தனோஜன் குசினிக்குள் அனுப்பியிருந்தான். நான் கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டு, கலண்டர் மட்டும் தெரிகிற மாதிரிப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“ஆரக்கா அது?”

“ரீவி.”

அவர் எங்கை என்று கேட்டால் நித்திரை என்று சொல்லவேண்டும். தனோஜன் எனக்கு முன்னால் நின்று உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் காட்டினான். எனக்கு எழுபத்தாறு வயது, மறந்துவிடுவேன் என்று நினைத்தானாக்கும்.

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பயம் என்றும் சொல்லமுடியாது. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு வாய் இருக்குமே, காலையிலிருந்து உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

கோட்டைக்குள் போனார்கள். கூரை இல்லை. உயரத்தில் ஒரு யன்னல் மட்டும் தனியே நின்றது. அதற்குள்ளால் வானம்.

“சண்டைக்கு ஓடிப்போய், தொண்ணூற்றாறிலை நாங்கள் திரும்பிப் போகேக்கை எங்கடை வீடும் இப்பிடித்தானே நிண்டது” என்றாள். “இதுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கவேணும்.”

நான் சிரித்தேன். சிரிப்பு வந்ததைப் பார்த்துத் தனோஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சயந்தினி கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுறாள் இல்லை. பூவுக்கு அலர்ஜியாம். கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கிடக்கு.”

“மருந்து எடுக்கச் சொல்லு.”

“ஓம், சொல்லுறன்.”

சமையலறை, அடுப்பு, கிணறு, ஆட்களை அடைத்து வைத்த குழி என்று எல்லாம் காட்டினாள். இருபது நிமிடம். அந்தக் கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை.

பிறகு அவள் மகளிடம் சொல்வது கேட்டது. “பிள்ளை, கால் உளையுது. நான் இந்தக் கல்லிலை இருக்கிறன். நீ போய் ரெண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வா.”

கொஞ்ச நேரம் புல் தெரிந்தது. பிறகு அவள் முகம் தெரிந்தது. அதுவரைக்கும் எனக்குக் கோட்டைதான் தெரிந்தது, ஒரு தரமும் அவள் முகம் தெரியவில்லை.

“அக்கா, கோயில் வட்ஸ்அப் குறூப்பிலை ஒன்பது பேர் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் மெசேஜ் போட்டிட்டு, ஒன்பது பேரும் அழிச்சிருக்கினம். விடியக் கண்ணை முழிச்சுப் பாத்தனான்.”

தனோஜன் கையைக் கன்னத்தில் வைத்தபடியே நின்றான்.

“பூசை நேரம் மாறினால் ஆரும் அழிக்கிறேல்லை” என்றாள்.

“சந்திரா...”

“ஒண்டும் சொல்லாதேங்கோ. அவருக்கு டை கட்டவேண்டாமெண்டு தனோஜனிட்டைச் சொல்லுங்கோ. கழுத்து இறுகினால் அவருக்குச் சரிவராது. வேட்டி சால்வை காணும்.”

ஓம் என்றேன்.

“எனக்குத் தெரியுமெண்டு பிள்ளைக்குத் தெரியாது. ராத்திரி பாத்ரூமுக்குள்ளை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு நிண்டவள். நாளைக்குப் பிளேன் ஏறுமட்டும் என்னைக் காப்பாத்தவேணுமெண்டு நிக்கிறாள். இன்னும் ரெண்டு கோட்டை இருக்காம். பாத்திட்டு வாறன்.”

அவளுக்குப் பின்னால் சயந்தினி இரண்டு கோப்பையோடு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தாள்.

சந்திரவதனா போனைத் திருப்பினாள். முகம் போய், கல்லுப் படி வந்தது.

“இஞ்சை பாருங்கோ அக்கா” என்றாள், பழைய குரலில். “இந்தப் படியிலை குதிரையும் ஏறுமாம்.”

எத்தனை படி என்று கேட்டேன்.

ஏறிப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.