மூன்றாவது பெருமூச்சு

மர்சலின் கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு விட்டுப் பார்த்தான். முதல் இரண்டும் கொட்டாவி மாதிரி இருந்தன. மூன்றாவதில்தான் கொஞ்சம் சோகம் வந்தது.

அந்த முகம் கலைவதற்குள் தாழ்வாரத்துக்கு வந்தான். அங்கே அவனுடைய அப்பா ராஜநாயகம் காலேஜ் விண்ணப்பங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

1937-ஆம் வருஷம், ஜூன் மாதம். தபாலாபீஸ் குமாஸ்தாவான ராஜநாயகத்துக்குத் திருச்சியிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. சாந்தோமில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு தாழ்வாரம் உள்ள வீட்டைப் பிடித்திருந்தார். பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்ட ஒரே மகனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதுதான் இப்போது கேள்வி.

"என்ன தம்பி, முகம் ஏன் வாடியிருக்கு?"

"காலேஜ் யோசனைதாம்ப்பா. பீச் ரோட்டுக் காலேஜ் நடந்தே போற தூரம். ஆனா கிளாஸ்ல உக்காந்தா அலைச் சத்தம் கேக்குமாம். தூக்கம் தூக்கமா வருமாம்."

"நம்ம வீட்டுக்கும்தான் கேக்குது."

"அதனாலதாம்ப்பா நேத்து படிக்கும்போது தூங்கிட்டேன்."

ராஜநாயகம் ஒரு விண்ணப்பத்தை எடுத்துத் தனியே வைத்தார். "சரி, டவுன்ல இருக்கிறது?"

"டிராம்ல போக வரவே ரெண்டு மணி நேரம் ஆயிடும்."

"டிராம்ல உக்காந்து படிக்கலாமே?"

"ஆடுற டிராம்ல படிச்சா கண்ணு கெட்டுடும்னு டாக்டர் சொன்னாருப்பா."

"எந்த டாக்டர்?"

இதை மர்சலின் எதிர்பார்க்கவில்லை. "டிராம்ல வந்த டாக்டர்" என்றான்.

ராஜநாயகம் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்த விண்ணப்பத்தையும் எடுத்துத் தனியே வைத்தார்.

"தாம்பரத்துக் காலேஜ் ஒண்ணுதான் மிச்சம்" என்றான் மர்சலின். "நல்ல காலேஜ்தான். ஆனா ஹாஸ்டல்ல தங்கணும். உங்களையும் அம்மாவையும் விட்டுட்டு எப்படி..." என்று இழுத்து, பழகி வைத்திருந்த பெருமூச்சை விட்டான்.

உண்மையில் ஒரு மாதமாக அந்த ஹாஸ்டல்தான் அவன் கனவில் வந்துகொண்டிருந்தது. அங்கே விடியற்காலை நாலு மணிக்கு அப்பா எழுப்பிக் கணக்குப் போடச் சொல்ல மாட்டார். சாயங்காலம் இஷ்டம்போல் கால்பந்து ஆடலாம்.

அப்போது வீட்டுச் சொந்தக்காரி தேசம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரோரம் இருந்த மர்சலினின் டிரங்குப் பெட்டி அவள் கண்ணில் பட்டது.

"இன்னா நைனா, வந்து ஒரு வாரம் ஆவுது. எல்லாச் சாமானும் பிரிச்சாச்சு, உன் பொட்டி மட்டும் கவுறு கட்டுனபடியே கீதே?"

"அது அப்படியே இருக்கட்டுங்க்கா, என்ன அவசரம்?" என்று சமையற்கட்டிலிருந்து அவசரமாகப் பதில் சொன்னாள் மர்சலினின் அம்மா லூர்துமேரி.

தேசம்மா போனதும் ராஜநாயகம் எழுந்தார். "படிப்புதான் முக்கியம் தம்பி. தாம்பரத்துக்கே போ."

இன்னும் ஆறு காரணங்களைக் கைவசம் வைத்திருந்த மர்சலின் திகைத்துப் போனான். திரும்பினால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அவன் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வஞ்சிரமீன் குழம்பு. அம்மா அவன் முகத்தைப் பார்க்காமலே துண்டு துண்டாக எடுத்து வைத்தாள்.

"உடம்பைப் பாத்துக்க. வாரா வாரம் வரணும்னு அலையாத. மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார் அப்பா. "அதுகூட முடிஞ்சா வா."

துக்கத்தை அடக்கிக்கொண்டு எவ்வளவு தைரியமாகப் பேசுகிறார்! மர்சலின் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். திருச்சி வீட்டில் பெரியப்பா, சித்தப்பா, அத்தைகள், அவர்கள் பிள்ளைகள் என்று பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேருக்கும் சமைத்துப் போட்டு, அத்தனை பேருக்கு நடுவிலேயே வாழ்ந்து பழகியவர்கள் இவர்கள். அவனும் போய்விட்டால் இந்த வீட்டில் இரண்டே பேர். பாவம், எப்படிப் பொழுது போகும்?

அவனால் தாங்க முடியவில்லை.

"அப்பா, நான் சொன்னதெல்லாம் பொய். அலைச் சத்தத்துல தூக்கமும் வரல, டாக்டரும் இல்ல. ஹாஸ்டல் ஆசையில புளுகிட்டேன். இனி எனக்கு ஹாஸ்டலே வேணாம். பீச் ரோட்டுக் காலேஜ்லயே சேர்றேன். கிளாஸ் முடிஞ்ச மறு நிமிஷம் வீட்டுக்கு வந்துடுவேன். எப்பவும் உங்ககூடவே இருப்பேன்!"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அம்மாவைப் பார்த்தார்.

"நீயே சொல்லு" என்றார்.

"நீங்கதானே கடுதாசி எழுதுனீங்க? நீங்களே சொல்லுங்க."

ராஜநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது வந்து தம்பி... அந்த ஹாஸ்டலுக்கு நான் திருச்சியிலேருந்தே எழுதிப் போட்டேன். இடமும் குடுத்துட்டாங்க. உன் மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னுதான் ஒரு வாரமா முழிச்சிக்கிட்டிருந்தோம்."

மர்சலின் ஒன்றும் புரியாமல் அம்மாவின் பக்கம் திரும்பினான். லூர்துமேரியின் முகம் சிவந்துபோயிருந்தது. இன்னொரு மீன் துண்டை அவன் தட்டில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே சொன்னாள்:

"போயிட்டு வா ராசா. கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சு, இப்பத்தான் நாங்க ரெண்டு பேரும் தனிக்குடித்தனம் வெக்கப்போறோம்!"