பூட்டைத் தின்ற கறிவேப்பிலை

நூற்பாலையின் பெண்கள் விடுதியில் கறிவேப்பிலைக் கன்று வெளிறிச் சாகக் கிடந்தது. அப்பன் சாவுக்குக்கூடத் தனக்குத் திறக்காத வாசல் பூட்டை அங்கே தங்கி வேலை செய்த ஒச்சம்மா, ஆலைக்குத் திறந்துவிட்ட நேரத்தில் நைசாக எடுத்து அதன் வேரடியில் புதைத்தாள். அன்றே வேறு பூட்டு வந்துவிட்டது. அவள் அசரவில்லை. சாப்பாட்டு மோரைப் புளிக்கவைத்து நாள்தோறும் ஊற்றினாள். புளிப்பில் இரும்பு கரைந்தது. கரையக் கரைய வேர் குடித்தது. ஆடியில் புதைத்தது, தையில் செடி மதிலைத் தாண்டிக் கரும்பச்சையாக நின்றது. அந்தச் செழிப்பைப் பொறுக்காத வார்டன் தோண்டிப் பார்த்தாள். வேர்ப்பிடிக்குள் இருந்த துருக்கட்டி அவள் விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்னடி இது?"

"பழைய பூட்டு மேடம். செடி தின்னுருச்சு."

வார்டனின் பார்வை தானாக வாசலில் தொங்கிய பூட்டுக்குப் போனது. அங்கே நாற்பது பெண்கள், ஆளுக்கொரு தம்ளர் புளித்த மோரோடு நின்றிருந்தார்கள்.